பிள்ளைக்கு முதல் ஏர் ரைபிள்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி தன் அப்பாவோடு எங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வந்தாள். அப்பா கையில் நீளமான கறுப்புப் பெட்டி. திறந்தால் உள்ளே புத்தம் புதிய ஜெர்மன் ஏர் ரைபிள். மகள் ஆசைப்பட்டாளே என்று பி.எஃப். பணத்தை எடுத்து வாங்கியிருந்தார். அவள் அதைத் தூக்கி நின்றாள். தோளில் பதிக்கும் பின்கட்டை அவளுக்கு மிக நீளமாக இருந்ததால் முதுகை வில்லாக வளைத்தாள். இடது முழங்கை இடுப்பெலும்பில் உட்காராமல் அந்தரத்தில் நின்றது. மூன்றாவது குண்டுக்கே கை ஆட ஆரம்பித்துவிட்டது. பத்தாவது குண்டில் "கை வலிக்குதுப்பா" என்று கீழே வைத்துவிட்டாள்.

அவளிடம் எந்தக் குறையும் இல்லை. ரைபிளிலும் குறை இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளை தனக்கு இந்த விளையாட்டு வராது என்று நினைத்துக்கொண்டு போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒன்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு உதவியாக ரேஞ்சில் நிற்கிறேன். திறமை இல்லாமல் விலகிய பிள்ளைகளைவிட, பொருந்தாத ரைபிளோடு போராடிச் சலித்து விலகியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இங்கே நான் சொல்வது 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியைப் பற்றி. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2012இல் லண்டனில், சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வாங்கியதும் இதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதையே. 2022இல் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்ட பிறகு, எங்களிடம் வந்து விசாரிக்கும் பெற்றோர் கூடிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் பாதிப் பேர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ரைபிள் வாங்கலாம் சார்?"

அந்தக் கேள்வி முதல் நாள் வர வேண்டிய கேள்வியே இல்லை.

சேர்ந்த வாரமே வாங்குவது

குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம், கிளப் ரைபிளிலேயே சுடட்டும். பிள்ளைக்கு ஆர்வம் நிற்குமா என்று பார்ப்பதற்காக மட்டும் இல்லை. அந்த மாதங்களில்தான் பிள்ளையின் நிற்கும் முறை ஒரு வடிவத்துக்கு வரும். எந்தக் கண் ஆளும் கண், அதாவது குறி பார்க்கும்போது மூளை முதலில் நம்பும் கண், என்பதும் அப்போதுதான் தெளிவாகும்.

இந்தக் கண் விஷயத்தைப் பல பேர் யோசிப்பதே இல்லை. இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களால் ஒரு சின்ன முக்கோண ஓட்டை செய்து, அதன் வழியாகத் தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது பொருள் ஓட்டையிலிருந்து மறைகிறதோ, அதுதான் ஆளும் கண். வலது கைப் பழக்கமுள்ள பிள்ளைகளில் சிலருக்கு இடது கண் ஆளும். அந்தப் பிள்ளைக்கு இடது பக்கமாகச் சுடப் பழக்குவதா, அல்லது வலது பக்கமே வைத்து இடது கண்ணுக்கு மறைப்புப் போடுவதா என்று கோச்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 30 மில்லிமீட்டர் அகலம் வரை மறைப்புக்குப் போட்டி விதியில் அனுமதி உண்டு. இது தெரிவதற்கு முன்னால் வலது கைப்பிடி ரைபிளை வாங்கி வந்துவிட்டால், அதற்காகவே பிள்ளையை வலது பக்கம் நிறுத்த வேண்டியதாகிவிடும்.

வேகத்தைப் பார்த்து வாங்குவது

"ஆயிரம் எஃப்.பி.எஸ். போகுதாம் சார்" என்று பெருமையாகச் சொல்வார்கள், அதாவது வினாடிக்கு ஆயிரம் அடி. பத்து மீட்டரில் காகிதத்தில் ஓட்டை போட அது எதற்கு? ஒலிம்பிக்கில் சுடும் ஏர் ரைபிளிலிருந்து குண்டு வெளியே வருவது வினாடிக்குச் சுமார் 170, 175 மீட்டர் வேகத்தில்தான். அவர்கள் சொல்லும் கணக்கில் அறுநூறைக்கூடத் தொடாது. நமக்கு வேண்டியது, ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் போவது. குறியில் நடுப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அங்கே பலத்துக்கு வேலை இல்லை.

சட்டமும் இதில் வருகிறது. இந்தியாவில் 4.5 மில்லிமீட்டருக்கு, அதாவது பாயின்ட் 177 இன்ச்சுக்கு மேற்படாத குழாயும், 20 ஜூலுக்கு மேற்படாத பலமும் உள்ள ஏர் ரைபிளுக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை. 5.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அதற்கு லைசென்ஸ் வேண்டும். போட்டியிலும் அது செல்லாது. "எல்லாரும் வச்சிருக்காங்க" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அப்புறம் டெலஸ்கோப். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் அதற்கு இடமில்லை. பீப் சைட்டில்தான், அதாவது சின்ன ஓட்டை வழியாகக் குறி பார்க்கும் சைட்டில்தான் சுட வேண்டும். தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் போட்டிகளில் ஓபன் சைட் (ஓட்டைக்குப் பதில் திறந்த பள்ளம் உள்ள சாதாரண சைட்) பிரிவும் இருக்கும். பிள்ளை எந்தப் பிரிவில் இறங்கப் போகிறது என்று கோச்சிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எடையும் அளவும்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாத் தவறையும்விட இதுதான் பெரிது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போட்டி விதி ஏர் ரைபிளுக்கு 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது. அது மேல் வரம்பு. அதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டு, கனமாக இருந்தால்தான் ஆடாமல் நிற்கும் என்று நினைக்கிறார்கள். வளர்ந்த ஆளுக்கு அது ஓரளவு உண்மை. முப்பத்தைந்து கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஐந்து கிலோ ரைபிள் என்பது தன் உடம்பில் ஏழில் ஒரு பங்கைக் கையில் தாங்கி நிற்பது. போட்டியில் 75 நிமிஷத்துக்குள் 60 குண்டு சுட வேண்டும். அதற்கு முன்னால் குறி சரிபார்க்கும் குண்டுகள் வேறு.

நின்று சுடும்போது ரைபிளின் எடையைச் சதை தாங்கக் கூடாது, எலும்புதான் தாங்க வேண்டும். இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்கார, அங்கிருந்து முன்கை நேராக எழுந்து ரைபிளைத் தாங்க, பாரம் அப்படியே காலுக்கு இறங்க வேண்டும். ரைபிள் கனமாகவோ முன்பக்கம் பாரமாகவோ இருந்தால், பிள்ளை அதைச் சமன் செய்ய இடுப்பை முன்னால் தள்ளி முதுகைப் பின்னால் வளைக்கும். கீழ் முதுகு முறுக்கிக்கொள்ளும். வளரும் எலும்புக்கு இது நல்லதில்லை. அந்த நிலையில் ஒரு வருஷம் பழகிவிட்டால் பிறகு மாற்றுவதும் பெரும்பாடு. அதனால் மூன்று, மூன்றரை கிலோவில் வரும் ஜூனியர் மாடல்களைப் பாருங்கள். பிள்ளை வளர வளர, முன்னாலோ பின்னாலோ சின்ன எடைக்கட்டிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கனமான ரைபிளைக் குறைப்பதுதான் முடியாத காரியம்.

கடைக்குப் போகும்போது பிள்ளையைக் கூட்டிப்போங்கள். பிறந்தநாளுக்கு ஆச்சரியப் பரிசாகக் கொடுக்கும் பொருள் இல்லை இது. சுடும் ஜாக்கெட்டும் ஷூவும் இருந்தால் அவற்றையும் எடுத்துப்போங்கள். ஜாக்கெட் போட்டால் தோளின் அளவே மாறிவிடும். காலி ரைபிளை, பாதுகாப்பான பக்கம் பார்த்து, வழக்கமாக நிற்பதுபோல் பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, இரண்டு மூச்சு விடட்டும். இப்போது கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். பீப் சைட்டின் வட்டமும் முன் சைட்டின் வளையமும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தானாகத் தெரிந்தால் கன்னக்கட்டையின் உயரம் சரி. அதைத் தேடித் தலையைச் சாய்த்தாலோ கழுத்தை நீட்டினாலோ சரியில்லை. தலை சாய்ந்தால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் சாய்கிறது. உடம்பு ஆடுவது அங்கிருந்தே தொடங்கிவிடும்.

அடுத்து விரல். கைப்பிடியைப் பிடித்தபடி ஆட்காட்டி விரலின் நுனிச் சதை டிரிகரில் படிய வேண்டும். எட்டாத பிள்ளை கையைத் திருகி எட்டும், அப்போது ஒவ்வொரு இழுப்பிலும் ரைபிள் ஒரு பக்கம் போகும். விரல் நீளமாகிக் கணுவில் பட்டாலும் அதேதான். போட்டி ரைபிள்களில் டிரிகரை முன்னும் பின்னும் நகர்த்தலாம், கைப்பிடியும் பல அளவுகளில் வரும். பின்கட்டையை நீட்டவும் குறைக்கவும் முடியும். வாங்கும் மாடலில் இவை எல்லாவற்றையும் மாற்ற முடிகிறதா, எவ்வளவு சின்ன அளவு வரை இறங்குகிறது என்று பாருங்கள். பன்னிரண்டு வயதில் வாங்குவது பதினைந்து வயது வரையாவது கூட வர வேண்டும்.

சாம்பியன் வைத்திருக்கும் ரைபிளையே வாங்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் உண்டு. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ், ஸ்டேயர் எல்லாம் நல்ல ரைபிள்கள்தான். எல்லாவற்றிலும் சுட்டு ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் கன்னமும் விரலும் எதில் படிகிறதோ அதை எடுங்கள்.

ஸ்பிரிங்கா, காற்று சிலிண்டரா

குழாயை மடித்து ஏற்றும் ஸ்பிரிங் ரைபிள் விலை குறைவு என்பதால் முதலில் அதை வாங்கிக் கொடுக்கிறார்கள். விளையாட்டாகப் பழக அது போதும். போட்டி என்று வந்தால் இரண்டு சிக்கல். ஸ்பிரிங் ரைபிளில் குண்டு குழாயை விட்டு வெளியேறுவதற்கு முன்பே உள்ளே பிஸ்டன் நகர்ந்து ரைபிளை உதறிவிடும். பிடி கொஞ்சம் மாறினாலும் குண்டு வேறு இடத்தில் விழும். பிள்ளை சரியாகச் சுட்டும் குண்டு தப்பினால் எதைத் திருத்துவது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு குண்டுக்கும் பலம் போட்டு மடிப்பதால் முப்பது குண்டுக்குள் தோளும் ஓய்ந்துவிடும்.

இரண்டாவது, குண்டு போடாமல் டிரிகர் பழகும் பயிற்சி. டிரை ஃபயர் என்போம். இந்த விளையாட்டில் பெரும்பகுதி பயிற்சி இதுதான், வீட்டில் சுவரைப் பார்த்து நின்றே செய்யலாம். ஸ்பிரிங் ரைபிளை வெறுமனே அழுத்தினால் பிஸ்டன் மோதிக் கெட்டுவிடும். சிலிண்டரில் அடைத்த காற்றால் இயங்கும் போட்டி ரைபிள்களில் டிரை ஃபயருக்கென்றே அமைப்பு இருக்கும்.

ஆனால் சிலிண்டர் ரைபிளை வாங்கிவிட்டு, காற்று எங்கே நிரப்புவது என்று பிறகு தேடாதீர்கள். அதற்கு வேண்டியது 200 பார் அழுத்தம். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் அதன் பக்கத்திலேயே வராது. ஈரமில்லாத சுத்தமான காற்று வேண்டும். ஆக்சிஜனை எக்காரணம் கொண்டும் நிரப்பக் கூடாது, வெடித்துவிடும். கிளப்பில் நிரப்பும் வசதி இருக்கிறதா என்று முன்னாலேயே கேளுங்கள்.

பழைய ரைபிள் வாங்கும்போது

புது ஜெர்மன் ரைபிள் இரண்டு லட்சத்தைத் தாண்டும் என்பதால் பழையதை வாங்குவதில் தப்பே இல்லை. என் மகனுக்கும் பழையதுதான் வாங்கினேன். பளபளப்பைப் பார்த்தேன், சைட்டைப் பார்த்தேன், சிலிண்டரின் மேல் பொறித்திருந்த தேதியைப் பார்க்கவில்லை. இந்தச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பத்து வருஷம்தான் ஆயுள் கொடுக்கிறார்கள். தேதி தாண்டாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்று போட்டி விதியே சொல்கிறது. விற்றவர் வாய் திறக்கவில்லை. என் மகன் முதல் போட்டிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்று, கருவி சோதனை மேசையில் அந்தத் தேதியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதிமூன்று வயசுப் பையன் அன்று வாசலில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

தேதியைப் பாருங்கள். காற்று நிரப்பிவிட்டு அழுத்த மானியைக் குறித்துக்கொண்டு ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் முள் இறங்கியிருக்கிறதா பாருங்கள். கோச்சை விட்டு, ரைபிளைத் தாங்கியில் வைத்து ஐந்து குண்டு ஒரே இடத்தில் சுடச் சொல்லுங்கள். நல்ல ரைபிள் என்றால் ஐந்தும் ஏறக்குறைய ஒரே ஓட்டையாக இருக்கும்.

ரைபிளோடு செலவு முடியாது

ஒரு டப்பாவில் 500 பெல்லட், அதாவது ஏர் ரைபிள் குண்டு. நாளைக்கு அறுபது சுட்டால் எட்டு நாள் வரும். ஜாக்கெட், பேன்ட், கையுறை எல்லாம் பிள்ளை வளர வளர மாற்ற வேண்டியவை. கையில் இருப்பதை முழுக்க ரைபிளில் போட்டுவிட்டு, குண்டு வாங்கக் காசில்லாமல் வாரம் ஒருநாள் சுடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சுமாரான ரைபிளும் நிறையக் குண்டும் அதைவிட எவ்வளவோ மேல்.

பெல்லட் ஈயத்தால் ஆனது. சில பிள்ளைகள் அதை வாயில் வைத்துக்கொண்டே ஏற்றுவார்கள், முதல் நாளே நிறுத்திவிடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் தொடக் கூடாது.

வீட்டில் ரைபிளுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி வேண்டும். சாவி பெரியவர்களிடம், குண்டு வேறு அலமாரியில். பில்லின் நகலையும் கிளப் அடையாள அட்டையையும் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், ரயிலில் போகும்போது போலீஸ் கேட்பார்கள். விருந்தாளிகளுக்கு எடுத்துக் காட்டும் பழக்கம் வேண்டாம். ஆரஞ்சு நிறத்தில் நீளமான பாதுகாப்புக் கயிறு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை மிகக் குறைவு. பின்பக்கம் நுழைத்தால் குழாய் முழுக்க ஓடி முன்வாயில் எட்டிப் பார்க்க வேண்டும். அது வெளியே தெரிந்தால் உள்ளே குண்டு இல்லை என்று அர்த்தம். பெட்டியைத் திறந்ததும் பிள்ளையின் கண் முதலில் அந்தக் கயிற்றைத் தேட வேண்டும். சுட்டு முடித்து பெட்டியில் வைப்பதற்கு முன்னால் கை தானாக அதை நுழைக்க வேண்டும். ரைபிள் வீட்டுக்கு வரும் அன்றே இதிலிருந்து தொடங்குங்கள்.