கைவினையிலும் காட்டுப் பழத்திலும் யோசனை தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

புதிதாக எதையாவது வரைய, தைக்க, வடிவமைக்க நினைப்பவர்கள் கைவினைக் கண்காட்சிக்குள் நுழைந்ததும் செல்போனை எடுத்துவிடுகிறார்கள். வீடு திரும்பும்போது போன் நிறையப் படம் இருக்கும், உருப்படியாக ஒரு யோசனை இருக்காது. பொருளைப் பார்த்தார்களே தவிர, அது எப்படி உருவாகிறது என்று கேட்கவில்லை.

நீலகிரித் தோடர் பெண்களின் பூவேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓடும். துணிமேல் முன்கூட்டியே எதையும் வரைந்துகொள்வதில்லை. இழையை எண்ணி எண்ணித்தான் ஊசியை விடுகிறார்கள். வடிவங்கள் கட்டம் கட்டமாக, கோணம் கோணமாக அமைவது அதனால்தான். இது புரிந்துவிட்டால் உங்கள் கையில் ஒரு வழிமுறையே கிடைத்துவிடுகிறது. ஒரு கட்டத்தாளை வைத்துக்கொண்டு, எண்ணிக்கையை மட்டும் மாற்றி மாற்றி உங்களுக்கென்று வடிவங்கள் உருவாக்கலாம். புரியாவிட்டால், அவர்கள் வடிவத்தை அப்படியே குர்த்தாவில் அச்சடித்து ‘தோடர் டிசைன்’ என்று விற்பதில்தான் போய் முடியும். புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. அச்சுத் துணியை அந்தப் பெயரில் விற்பது அந்தப் பெண்களின் வயிற்றில் அடிப்பதுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பழைய, அபூர்வப் பொருள்களை வாங்கி அலமாரியில் அடுக்குவதும் பயன் தராது. ஒன்றே ஒன்று வாங்குங்கள், தினமும் புழங்குங்கள். பத்தமடைக் கோரைப்பாயில் படுத்துப் பார்த்தால்தான் நெசவு எவ்வளவு நெருக்கம் என்று முதுகுக்குத் தெரியும்.

அப்புறம், நிறம். சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பிளந்தால் உள்ளே கண்ணைப் பறிக்கும் கருஞ்சிவப்பு. விரல், நாக்கு, உதடு எல்லாம் சாயம் ஏறிவிடும். அந்த ஆசையில் துணியைத் தோய்க்காதீர்கள். சூடும் வெயிலும் பட்டால் அந்தச் சாயம் நிற்காது. சிவப்புச் சாயம்தான் வேண்டுமென்றால் பதிமுகக் கட்டையை வேகவைத்து, துணியில் படிகாரம் ஏற்றித் தோய்க்கலாம். கள்ளிப் பழத்தின் நிறத்தைப் பக்கத்தில் வைத்து வண்ணம் கலந்து நோட்டில் தீட்டிக்கொள்ளுங்கள், பழத்தைச் சாப்பிட்டுவிடுங்கள். தோலில் கண்ணுக்கே தெரியாத பூமுள் இருக்கும். வெறும் கையால் தொட வேண்டாம். சொரசொரப்பான தரையில் நன்றாக உருட்டித் தேய்த்த பிறகே உரிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, அழகாக இருக்கிறதே என்று தெரியாததைப் பறிப்பது. செங்காந்தள் பூவை வரையலாம். அதன் கிழங்கை, அதாவது கண்வலிக்கிழங்கை, ஏதோ காட்டுவள்ளி என்று வேகவைத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. காளானும் அப்படித்தான், பழகியவர் பார்த்துச் சொல்லாமல் அடுப்பில் ஏற்றக் கூடாது. குன்றிமணியைக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கும்போது விதை முழுசாக இருக்கிறது. மாலை கோக்கலாமென்று ஊசியாலோ டிரில்லாலோ துளைத்தால் ஓடு உடைந்து உள்ளே இருக்கும் கடும் விஷம் வெளிப்படும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் குன்றிமணி நகையே வேண்டாம்.