நீரைப் பார்த்துக் கோலை எடுங்கள்: ஆற்று ஃப்ளை ஃபிஷிங்குக்கு ஒரு வழிகாட்டி

மற்றத் தூண்டில் முறைகளில் ஈயக்குண்டோ இரையோ தன் எடையால் பறந்துபோக, நரம்பு அதன் பின்னால் இழுபட்டுச் செல்லும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டியிருப்பது இறகும் மயிரும் நூலும் சேர்ந்த, ஊதினால் பறந்துவிடும் ஒரு போலிப் பூச்சி, அதாவது ஃப்ளை. அதைத் தனியே எறிய முடியாது என்பதால் தடித்த லைனின் எடையைத்தான் கோலால் வீசுகிறோம். பூச்சி அதன் நுனியோடு போகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கோலை வாங்கிவிட்டுப் பிறகு அதற்கேற்ற ஆற்றைத் தேடுகிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும்: முதலில் ஆறும் பருவமும், அடுத்து அந்த ஆற்று மீன், அது தின்னும் பூச்சி, அந்தப் பூச்சியைச் சுமக்கும் லைன், கடைசியாகத்தான் கோல்.

ஆறும் பருவமும்

ஓர் ஆற்றைத் தேர்ந்தவுடன் அங்கே மீன்பிடிக்க உரிமம் வேண்டுமா, இனப்பெருக்கக் காலத்தில் தடை உண்டா, ஃப்ளை மட்டும்தான் பயன்படுத்தலாமா, பிடித்த மீனை விட்டுவிட வேண்டுமா என்பவற்றை விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆற்றின் இரு பகுதிகளுக்கு இரு வேறு விதிகள் இருப்பது சாதாரணம். ஆகவே, ஆற்றின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல், எந்தப் பகுதியில் இறங்கப்போகிறோம் என்பதையும் குறிப்பிட்டுக் கேட்பது நல்லது.

அடுத்தது நீர்மட்டம். நீரளவு நிலையங்கள் உள்ள ஆறுகளில் வினாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று ஓட்டத்தின் அளவு வெளியிடப்படுகிறது. அந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. அந்தப் பருவத்தில் அந்த ஆற்றின் வழக்கமான அளவு என்ன, கடந்த சில நாட்களாக ஓட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பவற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வெள்ளம் வடிந்து நீர் தெளியத் தொடங்கும் நாட்கள் மிக நல்லவை. ஏறிக்கொண்டிருக்கும் கலங்கல் நீரில் பெரும்பாலும் காத்திருப்புத்தான் மிஞ்சும். பனி உருகி வரும் ஆறுகளில் பகல் வெயிலின் விளைவு மாலையிலோ இரவிலோ வந்துசேரும் என்பதால் காலையில் எளிதாகக் கடந்த இடத்தை மாலையில் கடக்க முடியாமல் போகலாம். அணைக்குக் கீழே உள்ள பகுதிகளில் நீரின் வெப்பநிலை சீராக இருந்தாலும், முன்னறிவிப்பு இல்லாமல் தண்ணீர் திறக்கப்படும் அபாயம் உண்டு. மழைக்குப் பிறகு பெரிய ஆற்றைவிட அதன் மேற்பகுதியும் சிறு துணையாறுகளும் முதலில் தெளியும். திட்டத்தில் அப்படி ஒரு மாற்றிடத்தைக் குறித்துவைக்காத பயணம் பாதித் திட்டம்தான்.

ஒரு சிறிய வெப்பமானி பையில் கட்டாயம் இருக்க வேண்டும். குளிர்நீரில் வாழும் டிரவுட் மீன்கள் ஏறத்தாழ 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரில் சுறுசுறுப்பாக இரை தேடும். நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவதால், 20 டிகிரியைத் தாண்டிய நீரில் போராடிக் களைத்த டிரவுட்டை விட்டுவிட்டாலும் அது பிழைப்பது கடினம். அந்த அளவை எட்டியதும் லைனைச் சுருட்டிவிட வேண்டும். எனவே கோடையில் விடியற்காலையும், குளிர்காலத்தில் நண்பகலும் பொருத்தமான நேரங்கள். கெண்டை, பாஸ் போன்ற வெதுநீர் மீன்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

லைனும் கோலும்

ஃப்ளை லைன்களுக்கு எண் உண்டு. லைனின் முன்பகுதி 30 அடியின் எடையை வைத்தே அந்த எண் தரப்படுகிறது: 3ஆம் எண் சுமார் 6.5 கிராம், 5ஆம் எண் சுமார் 9 கிராம், 8ஆம் எண் சுமார் 13.6 கிராம். கோலின் பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும் எண், அந்தக் கோல் எந்த லைனைச் சுமந்து சரியாக வளையும் என்பதைச் சொல்கிறது. நடுத்தர ஆற்றில் டிரவுட் பிடிக்க 9 அடி நீளமும் 5ஆம் எண்ணும் கொண்ட கோல் பெரும்பாலான வேலைகளைச் செய்துவிடும். கிளைகள் கவிந்த சிற்றோடையில் 7 முதல் 7.5 அடிக் கோலும் 3ஆம் எண் லைனும் வசதி. காற்று பலமாக அடிக்கும் அகன்ற ஆற்றிலும், சால்மன் போன்ற பெரிய மீனுக்கும், கனமான ஃப்ளைகளுக்கும் 8ஆம் எண் வேண்டும். நான்கு துண்டாகப் பிரியும் கோல் பயணத்துக்கு எளிது.

பணத்தை எங்கே செலவிடுவது என்று கேட்டால் லைனில் என்றே சொல்வேன். சுமாரான கோலில் நல்ல லைன் அழகாக ஓடும். விலையுயர்ந்த கோலிலும் வெடித்துப்போன பழைய லைன் வளையங்களில் சிக்கித் திணறும். முன்பகுதி கனத்து, மேற்பரப்பில் மிதக்கும் வகை லைன் ஒன்று போதும். மூழ்கும் லைன் ஆழமான, வேகமான நீரில் இறங்கத் தொடங்கிய பிறகு வாங்கலாம். சிறு மீன்களைப் பொறுத்தவரை ரீல் என்பது லைனைச் சுற்றிவைக்கும் இடம் மட்டுமே. அதன் பிரேக்கின் தரம் முக்கியமாவது, நூறு அடி லைனையும் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு ஓடும் பெரிய மீன்களிடம்தான்.

லைனின் நுனியில் சுமார் 9 அடி நீளமுள்ள, படிப்படியாக மெலியும் லீடரும், அதன் முனையில் டிப்பெட் என்னும் மெல்லிய நரம்பும் வரும். டிப்பெட்டின் தடிமனை எக்ஸ் என்ற அளவால் குறிப்பார்கள்; எண் கூடக் கூட நரம்பு மெலியும். 3 எக்ஸ் சுமார் 0.20 மில்லிமீட்டர், 5 எக்ஸ் சுமார் 0.15 மில்லிமீட்டர். முள்ளின் அளவெண்ணை 3ஆல் வகுத்தால் பொருத்தமான எக்ஸ் ஏறத்தாழக் கிடைத்துவிடும்: 15 அல்லது 16ஆம் எண் முள்ளுக்கு 5 எக்ஸ். நரம்பு தடித்துப்போனால் சிறு ஃப்ளை விறைத்து நிற்கும். மெலிந்துபோனால் பெரிய ஃப்ளை காற்றில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சிலாலோ ஆற்று நீராலோ நனைத்து, ஒரே சீராக இழுக்க வேண்டும். உலர்ந்த நரம்பு உராய்ந்து சூடாகும்போது வலிமையை இழக்கிறது; மீன் அறுத்துக்கொண்டு போனதாகச் சொல்லப்படும் கதைகளில் பல உண்மையில் முடிச்சு விட்டுப்போன கதைகள்.

எந்தப் பூச்சி

ஆற்றங்கரையில் முதல் வேலையாகக் கோலைப் பூட்டாமல், ஆழமற்ற இடத்தில் உள்ள ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அதன் அடிப்பக்கத்தில் மூன்று வாலுடன் ஊர்ந்து ஒளிவது மேஃப்ளையின் இளநிலை. இரண்டு வாலும் தடித்த கால்களும் இருந்தால் பெரும்பாலும் ஸ்டோன்ஃப்ளை. மணலும் குச்சியும் ஒட்டிய சிறு குழாய்க்குள் ஒரு புழு இருந்தால் அது கேடிஸ். இவை வாழ்நாளின் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே கழிப்பதால், மீன்களும் தம் உணவில் பெரும்பகுதியை அடியிலேயே எடுக்கின்றன. ஆகவே மேற்பரப்பில் மீன் எழும்பாத நேரத்தில் நிம்ஃப் எனப்படும் மூழ்கும் வகையும், எழும்பி வளையங்கள் விரியும்போது மிதக்கும் டிரை ஃப்ளையும், கலங்கலான நீரிலோ பெரிய மீனைக் குறிவைக்கும்போதோ சிறு மீனைப் போல நீந்தும் ஸ்ட்ரீமரும் கட்ட வேண்டும். பெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர் என்னும் நிம்ஃப்கள், ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ் என்னும் டிரை ஃப்ளைகள், வூலி பக்கர் என்னும் ஸ்ட்ரீமர் ஆகிய ஐந்தையும் இரண்டு மூன்று அளவுகளில் வைத்திருப்பவர், நூறு வகைகளைப் பெட்டியில் அடுக்கியவருக்குச் சற்றும் குறைந்தவரல்லர். கல்லில் கண்ட பூச்சியோடு ஒப்பிடும்போது முதலில் அளவு ஒத்திருக்க வேண்டும், பிறகு உருவம், கடைசியில் நிறம்.

நீரைப் படித்தல்

ஓட்டத்தோடு மல்லுக்கட்டாமல் நிற்கவும், ஓட்டம் கொண்டுவரும் இரையை எட்டிப் பிடிக்கவும் வசதியான இடத்தில்தான் மீன் நிற்கும். வேகமான நீரும் மெதுவான நீரும் உரசிச் செல்லும் கோடு, பாறையின் பின்புறம் மட்டுமல்லாமல் அதன் முன்புறத்திலும் உள்ள தேங்கல், நீர் அரித்துக் குடைந்த கரையின் நிழல், கற்களின் மேல் சலசலத்து வரும் நீர் மடுவில் விழும் தலைப்பகுதி ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. மடுவின் நடு ஆழம் கவர்ச்சியாகத் தோன்றினாலும் இரை தேடும் மீன்கள் அதன் தலையிலும் வாலிலும்தான் அதிகம்.

மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்பதால் கீழிருந்து மேல்நோக்கி அணுகுவது பாதுகாப்பு. சுழிகளில் மட்டும் நீர் திரும்பி ஓடுவதால் மீனின் முகமும் எதிர்ப்பக்கம் இருக்கும். ஒளி முறிவின் காரணமாக, நீருக்குள்ளிருந்து வெளியுலகம் முழுவதும் சுமார் 97 டிகிரிக் கூம்பு ஒன்றுக்குள் மட்டுமே தெரியும். 1 மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு மேற்பரப்பில் அது சுமார் 2.3 மீட்டர் விட்டமுள்ள வட்டம். மேலே வர வர அந்த வட்டம் சுருங்கும். மேற்பரப்பை ஒட்டி நின்று பூச்சியை எடுக்கும் மீனுக்குக் குறி தவறாமல் வீச வேண்டியிருப்பதும், குனிந்து சென்றால் அதை வெகு அருகில் நெருங்க முடிவதும் இதனால்தான். ஒளித்தெறிப்பை வடிகட்டும் போலராய்டு கண்ணாடி மீனைக் காட்டும்; முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும்.

வீச்சும் மிதப்பும்

அடிப்படை வீச்சில் கோலை வேகம் கூட்டிப் பின்னே கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்தி, லைன் பின்னால் முழுவதும் நீளும் வரை பொறுத்து, அதேபோல் முன்னே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அந்தப் பொறுமைதான் முதலில் கைவிட்டுப்போகும். சவுக்கைப் போல் ‘சொடேர்’ என்ற ஓசை கேட்டால் காத்திருப்பு போதவில்லை என்று பொருள். பின்னால் மரம் இருந்தால், நீரின் மேல் கிடக்கும் லைனையே வளையமாக உருட்டி அனுப்பும் ரோல் வீச்சைப் பழகிக்கொள்ளலாம். தூரம் வீசும் ஆசை தேவையற்றது. பத்து மீட்டருக்குள் துல்லியமாக வீசத் தெரிந்தால் ஆற்றில் போதும்.

வீச்சை விட முக்கியமானது அதற்குப் பிறகு நடப்பது. ஃப்ளை விழுந்ததும் அதன் அருகே மிதந்து வரும் ஒரு நுரைக்குமிழியைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் வந்தால் மிதப்பு சரியாக இருக்கிறது. ஃப்ளை குமிழியை முந்தினாலோ, பின்தங்கினாலோ, அதன் பின்னால் வி வடிவில் சிறு கோடு விழுந்தாலோ, நடுவே உள்ள வேகமான நீர் லைனை வளைத்து ஃப்ளையை இழுக்கிறது; எந்தப் பூச்சியும் அப்படி நீந்தாது என்பது மீனுக்குத் தெரியும். இழுப்பு தொடங்குவதற்கு முன்பே கோலின் நுனியை உயர்த்தி, நடுவில் உள்ள லைனை மட்டும் மேல்நீர்ப் பக்கம் புரட்டிப் போட வேண்டும். மீன் எடுக்காதபோதெல்லாம் ஃப்ளையை மாற்றுவது பலரின் வழக்கம். மிதப்பைத் திருத்துவதே முதலில் செய்ய வேண்டியது.

நிம்ஃபுக்கு லீடரில் சிறு மிதவை ஒன்றைக் கட்டி, நீரின் ஆழத்தைப் போல் 1.5 மடங்கு தூரத்தில் ஃப்ளை தொங்குமாறு வைத்துத் தொடங்கலாம். அது அவ்வப்போது அடிக்கல்லைத் தட்டிச் செல்ல வேண்டும்; ஒருபோதும் தட்டவில்லை என்றால் எடை போதாது. மிதவை நின்றாலும், தயங்கினாலும், பக்கவாட்டில் நகர்ந்தாலும் கோலை உயர்த்திவிட வேண்டும், ஏனெனில் மீன் உமிழ்ந்துவிட ஒரு நொடி போதும். ஸ்ட்ரீமரில் மட்டும் விதி தலைகீழாகிறது: குறுக்காகவும் சற்றுக் கீழ்நோக்கியும் வீசி, லைனைக் கையால் விட்டுவிட்டு இழுத்து, வேண்டுமென்றே அசைவு தர வேண்டும்.

நீரில் இறங்குவதும் மீனை விடுவதும்

நீரில் இறங்குவதற்காகக் கால் முதல் மேல்வரை அணியும், வேடர் எனப்படும் நீர்புகா உடையின் மேல் இடுப்புப் பட்டையை எப்போதும் இறுக்கிக் கட்ட வேண்டும். விழுந்தால் உள்ளே தண்ணீர் வேகமாகப் புகுவதை அது தடுக்கும். ஓட்டம் வலுவான இடத்தில் முழங்காலுக்கு மேல் போகாமல், ஊன்றுகோலை ஊன்றிய பிறகு ஒரு காலை மட்டும் நகர்த்தி, பக்கவாட்டாக நடக்க வேண்டும். கடக்கும் இடத்தைத் தேர்வதற்கு முன், விழுந்தால் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று கீழ்ப்புறத்தைப் பார்த்துவிட வேண்டும். அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து, கால்களைக் கீழ்நீர்ப் பக்கம் நீட்டி மிதந்து, ஆழம் குறைந்த பிறகே எழ வேண்டும். வேகமான நீரில் எழ முயன்றால் பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொள்ளும். கோலின் கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் இடி கேட்டவுடன் அதைக் கீழே வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

முள்ளின் முனைக்குப் பின்னால் உள்ள சிறு எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால் மீனின் வாயிலிருந்தும், நம் விரலிலிருந்தும், எளிதாகக் கழற்றலாம். மீனை நீண்ட நேரம் போராடவிடாமல் ரப்பர் கைவலையில் ஏந்தி, கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுக்க வேண்டும். உலர்ந்த கை அதன் உடலைக் காக்கும் கொழகொழப்பை உரித்துவிடும். தலை ஓட்டத்தை எதிர்த்திருக்க மெல்லத் தாங்கினால் அது தானாகவே நழுவிச் செல்லும்.

ஒரே பயணத்தில் இரண்டு ஆறுகளில் இறங்கும் எண்ணமிருந்தால் இடைவெளியையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். காலணியில் ஒட்டிய ஒரு துளி ஈரத்தில்கூட டிடிமோ என்னும் பாசி அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். நியூசிலாந்து 2008இல், நெடுநேரம் ஈரம் காக்கும் கம்பளிப்பட்டை அடி கொண்ட காலணிகளை ஆறுகளில் தடைசெய்தது இதற்காகவே. ரப்பர் அடி கொண்ட காலணியை வாங்குவதோடு, அதையும் வேடரையும் வலையையும் தேய்த்துக் கழுவி, தொட்டால் உலர்ந்ததாகத் தோன்றிய பிறகும் மேலும் 48 மணி நேரம் உலரவிட வேண்டும். அத்தனை நேரம் இல்லாவிட்டால், இரண்டாவது ஆற்றுக்குத் தனியாக ஒரு ஜோடிக் காலணியும் வேடரும் எடுத்துச் செல்லுங்கள், அல்லது அன்று கரையில் நின்றே வீசுங்கள்.