கச்சான் மெசினுக்கு பேட்டன்ட் தேடுவது: நூலகத்திலிருந்தே தொடங்கலாம்

முல்லைத்தீவில் கச்சான் உடைக்கும் மெசின் செய்த மச்சானுக்காக, அதே மாதிரிக்கு யாரும் முன்பே பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான உரிமை) எடுத்திருக்கிறார்களா என்று தேடிப் பழகியதை எழுதுகிறேன். வேறு மெசினுக்கும் வழி இதுதான்.

போனில் தேடாதீர்கள். உருளை எது, சல்லடை எது என்று வரைபடத்தில் இலக்கம் பார்க்கப் பெரிய திரை வேண்டும். கிளிநொச்சியோ வவுனியாவோ, கணினியும் இணையமும் உள்ள நூலகமாகப் பார்த்துப் போங்கள். தேடுசொல் பிடிக்க நூலகர் உதவுவார். சட்ட ஆலோசனை அவர் வேலையில்லை.

முதலில் கூகுள் பேட்டன்ட்ஸில் 'பீனட் ஷெல்லர்' என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். உங்களுடையது போல ஒன்று கிடைத்ததும் அதன் வகைப்பாட்டு இலக்கத்தைக் குறியுங்கள். கொட்டை உடைத்துக் கோது நீக்கும் இயந்திரங்களுக்கு ஏ23என் 5. அப்புறம் அந்த இலக்கத்தை வைத்தே ஐரோப்பியப் பேட்டன்ட் அலுவலகத்தின் தேடல் தளமான ஈஸ்பாஸ்நெட்டில் தேடினால், சீன மொழியில் எழுதியதும் அகப்படும். எனக்கு ஈஸ்பாஸ்நெட்தான் பிடிக்கும். இலக்கத்துக்குள் இலக்கமாக இறங்கிப் போகலாம்.

இந்தியப் பேட்டன்ட் ஒன்றைக் கண்டதும் மச்சான் "விடுங்கோ, எல்லாம் போச்சு" என்றார். போகவில்லை. பேட்டன்ட் உரிமை கொடுத்த நாட்டுக்குள் மட்டும்தான். இந்தியாவில் மட்டும் பதிந்ததை வன்னியில் செய்து விற்கலாம். விண்ணப்பத் திகதியிலிருந்து 20 வருடம் கடந்ததென்றால் எங்கேயும் செய்யலாம். ஆனால் அதையே இங்கே உங்கள் பெயரில் பதிய முடியாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கேட்கும் புதுமை உலகம் முழுவதற்கும் பொதுவானது.

ஆகவே முழு மெசினையும் தேடாமல், உங்கள் புதுமை இருக்கும் உறுப்பைத் தேடுங்கள். மச்சானுடையதில் அது பருப்பின் பருமனுக்கு ஏற்ப இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு. கிடைத்த ஆவணத்தில் சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். எதற்கு உரிமை கேட்டிருக்கிறார்கள் என்பது 'கிளெய்ம்ஸ்' பகுதியில் இருக்கும். முதலாவதை வரி வரியாகப் படியுங்கள். ஆனால் உங்கள் திருகு விளக்கத்திலோ படத்திலோ வந்திருந்தாலே அது புதிதல்ல.

விண்ணப்பம் போடும்வரை மெசின் ஓடும் வீடியோவை முகநூலில் ஏற்றாதீர்கள்.

பிற்சேர்க்கை: பொதி செய்த கச்சானுக்குப் பெயர் பதிவதைச் சிலர் கேட்டிருந்தீர்கள். அது வியாபாரக் குறி, தேடல் வேறு. உலகப் புலமைச் சொத்து அமைப்பான வைப்போவின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸில் பெயரையும் பொருளின் வகுப்பையும் சேர்த்துத் தேடுங்கள். வறுத்த கச்சான் 29ஆம் வகுப்பு, கச்சான் இனிப்பு 30, மெசின் 7. 'வன்னிக் கச்சான்' என்று மட்டும் வைக்க நினைக்காதீர்கள். பொருளையும் ஊரையும் மட்டும் சொல்லும் பெயரைச் சட்டம் ஏற்காது.