அடுத்தவர் பெயர் போட்ட மாத்திரை: வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வங்கிக் கணக்கு, சிம் கார்டு, வாடகை ஒப்பந்தம் பற்றியெல்லாம் சொல்லித்தர இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஒரே ஒரு மாத்திரையைப் பற்றி. படிப்பு ஓடவில்லை, வேலையில் மனம் நிற்கவில்லை, காலையில் எழுந்தால் எதையும் தொடங்கவே தோன்றவில்லை என்று நீங்கள் புலம்பும்போது, நல்ல மனதோடு யாராவது ஒருவர் நீட்டுகிற மாத்திரை. ரிட்டாலின், கான்செர்ட்டா, அட்டெரால், வைவான்ஸ் என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். நானும் வாங்கிப் போட்டவன்தான். அதனால் பட்டது நான் மட்டும் என்றால் இதை எழுதியே இருக்கமாட்டேன். கொடுத்தவன் என்னைவிட அதிகம் பட்டான்.

முறையான வழியை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். வந்த முதல் வாரமே ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்யுங்கள். காய்ச்சல் வந்தபிறகு தேடாதீர்கள். உங்கள் காப்பீட்டில் மனநல சிகிச்சை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கவனக்குறைபாட்டுக்கு, அதாவது ஏடிஹெச்டிக்கு, மருந்து தொடங்க வேண்டுமென்றால் பல நாடுகளில் மனநல மருத்துவரிடம்தான் அனுப்புவார்கள். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். ஊரிலேயே பரிசோதித்து மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள், மருந்தின் பொதுப்பெயர், அளவு, எதற்காகத் தரப்பட்டது ஆகிய மூன்றும் இருக்கிற மருத்துவர் கடிதத்தை ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள். இவ்வளவுதான் நடைமுறை.

இனி நான் விழுந்த குழிக்கு வருகிறேன். மாத்திரை என்றால் நமக்கு உப்பு, சர்க்கரை போல. ஒருவரிடம் இல்லாவிட்டால் இன்னொருவரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிற பொருள். தலைவலி என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவர் பையைத் திறப்பார். மீந்துபோன மாத்திரைப் பட்டையைத் தூக்கிப் போடாமல் எடுத்துவைத்து, அதே தொல்லை உள்ளவருக்குக் கொடுப்பதை உதவி என்றே வளர்ந்தோம். அந்த நல்ல குணம்தான் இந்த மாத்திரை விஷயத்தில் நம்மைக் கவிழ்க்கிறது. ரிட்டாலின், கான்செர்ட்டாவில் இருக்கிற மெத்தில்ஃபெனிடேட்டும், அட்டெராலில் இருக்கிற ஆம்ஃபெட்டமைனும் 1971-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் மனமாற்றப் பொருள்கள் உடன்படிக்கையில் இரண்டாம் அட்டவணையில், அதாவது கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய பட்டியலில், இருக்கின்றன. உலகத்தில் கிட்டத்தட்ட எல்லா நாடுகளும் இவற்றை எண்ணித்தான் கொடுக்கின்றன. இந்தியாவிலும் மெத்தில்ஃபெனிடேட் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிற மருந்துதான். நாம்தான் அதை யோசித்துப் பார்த்ததில்லை.

என் முதுகலை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் ஆறு வாரமாக அசையவில்லை. திறப்பேன், பார்ப்பேன், மூடுவேன். என்னோடு அறையில் இருந்தவன் சின்ன வயதிலிருந்து ஏடிஹெச்டியோடு போராடி, முறையாகப் பரிசோதனை செய்து, மாதத்துக்கு முப்பது மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தான். என் நிலைமையைப் பார்த்து அவனுக்கே பொறுக்கவில்லை. "மச்சான், இதைப் போட்டுப் பாரு. எனக்குக் கைகொடுக்குது, உனக்கும் கொடுக்கும்" என்று டப்பாவைத் திறந்து, டிஷ்யூ தாளில் பத்து மாத்திரை எண்ணி மடித்துக் கொடுத்தான். அந்த மடிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மாலை ஆறு மணிக்கு முதல் மாத்திரை. ஏழரைக்கெல்லாம் அறை அமைதியாகிவிட்டது போல இருந்தது. மனம் ஒரே இடத்தில் நின்றது. எவ்வளவு நாளாயிற்று இப்படி உட்கார்ந்து என்று தொண்டை அடைத்தது. அத்தியாயத்தைத் தொடங்குவதற்கு முன் அட்டவணைகளைச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு பத்தியின் அகலமும் ஒரே அளவு, ஒவ்வொரு புள்ளியும் புள்ளிக்கு நேர். பிறகு மேற்கோள் பட்டியல். எங்கே காற்புள்ளி, எங்கே அரைப்புள்ளி என்று நூற்றுக்கு மேற்பட்ட வரிகளை ஒன்றுவிடாமல் பார்த்தேன். நடுவில் சாப்பிடவில்லை, பசிக்கவும் இல்லை. மூன்று மணிக்குத் தாடை இறுகி வலித்தது, விரல் நுனிகள் சில்லிட்டிருந்தன, இதயம் படியேறியவனைப் போல அடித்துக்கொண்டது. விடியும்போது அட்டவணைகள் கண்ணாடி மாதிரி இருந்தன. மூன்றாம் அத்தியாயத்தில் தலைப்பு மட்டும்தான் இருந்தது. ஆனால் என் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த வேலையைச் செய்துவிட்ட நிறைவோடு படுத்தேன். தூக்கம் வரவில்லை.

இந்த நிறைவைத்தான் நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். டோபமைன், நோர்அட்ரினலின் என்று மூளையில் இரண்டு வேதிப்பொருள்கள் உண்டு. நரம்பு செல்கள் வெளிவிட்டதைத் திரும்ப உள்ளிழுத்துக்கொள்ளும். மெத்தில்ஃபெனிடேட் அந்த உள்ளிழுப்பைத் தடுக்கிறது. ஆம்ஃபெட்டமைன் தடுப்பதோடு நிற்காமல் இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளவும் செய்கிறது. இதனால் கையில் இருக்கிற வேலை, எந்த வேலையானாலும், முக்கியமானதாகத் தெரிகிறது. எது உண்மையில் முக்கியம் என்று அது சொல்லித்தராது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஏடிஹெச்டி இல்லாத 40 பேருக்கு இந்த வகை மருந்துகளைக் கொடுத்து, ஒரு பைக்குள் எடை மீறாமல் அதிக மதிப்புள்ள பொருள்களை அடுக்கும் கணக்கைப் போடச் சொன்னார்கள். மருந்து போட்டவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள், அதிகமாக மாற்றி மாற்றி அடுக்கினார்கள், ஆனால் முயற்சியின் தரம் குறைந்துவிட்டது. அதைப் படித்தபோது என் அட்டவணை இரவுதான் ஞாபகம் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், ஆம்ஃபெட்டமைன் கலவை எடுத்த ஆரோக்கியமானவர்களின் மதிப்பெண்கள் பெரிதாக ஏறவில்லை. தாங்கள் நன்றாகச் செய்தோம் என்ற நம்பிக்கைதான் ஏறியிருந்தது.

ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குக் கதை வேறு. 1937-இலேயே சார்லஸ் பிராட்லி என்ற அமெரிக்க மருத்துவர், ஆம்ஃபெட்டமைன் கொடுத்த பிள்ளைகள் பலர் அமைதியாக உட்கார்ந்து பாடம் படித்ததைப் பதிவு செய்தார். அன்றிலிருந்து இன்றுவரை, சரியான ஆளுக்குச் சரியான அளவில் கொடுத்தால் மனநல மருத்துவத்தில் நன்றாக வேலை செய்கிற மருந்துகளில் இவையும் அடக்கம். ஆகவே "போதை மாத்திரை, தொடாதே" என்று மிரட்டுபவர்கள் பக்கம் நான் இல்லை. அப்படிப் பேசித்தான் மருந்து தேவைப்படுகிற எத்தனையோ பேரைச் சோம்பேறி என்று முத்திரை குத்தி வைத்திருக்கிறோம். அதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

பத்து மாத்திரையும் தீர்ந்தது. அடுத்து நடந்ததுதான் எங்களைச் சுட்டது. மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது அவனுடைய டப்பா காலி. சாதாரண மருந்தானால் கடைக்குப் போய் வாங்கிவிடலாம். இது அப்படி அல்ல. தேதிக்கு முன்னால் ஒரு மாத்திரைகூடக் கிடைக்காது. கிளினிக்குக்கு போன் செய்தான், தொலைந்துவிட்டது என்றான். எங்கே, எப்படி, எத்தனை என்று அடுத்தடுத்துக் கேள்வி வந்தது. அவனுக்குப் பொய் சொல்லி வராது. நண்பனுக்குக் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டான். அவனுடைய மருத்துவப் பதிவில் அது ஏறியது. மாதத்துக்கு ஒருமுறை கிடைத்த மருந்து வாராவாரம் நேரில் போய் வாங்கவேண்டியதாக மாறியது. அந்தப் பத்து நாளும் அவன் மருந்தில்லாமல்தான் புதிய வேலைக்குப் போனான். தகுதிகாண் காலம். ஒரு கூட்டத்தை மறந்தான், ஒரு கோப்பைத் தவறான ஆளுக்கு அனுப்பினான். வேலை நிரந்தரமாகவில்லை. ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. நான்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தேன்.

போலீஸ் வரைக்கும் போகவில்லை என்பது எங்கள் நல்ல நேரம். பிரிட்டனில் இந்த மருந்துகள் பி பிரிவுப் போதைப்பொருள். உங்கள் பெயரில் மருத்துவர் சீட்டு இல்லாமல் வைத்திருந்தால் ஐந்து ஆண்டுவரை சிறை, மற்றவருக்குக் கொடுத்தால் 14 ஆண்டுவரை. காசு வாங்காமல் கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது விநியோகம்தான். அமெரிக்காவிலும் இவை இரண்டாம் அட்டவணை என்கிற கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. பழைய சீட்டைக் காட்டித் திரும்ப வாங்க முடியாது, ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு வேண்டும். அங்கே விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். போதைப்பொருள் சட்டத்தை மீறியதாகத் தண்டனை இருந்தாலும், தண்டனையே இல்லாமல் குடிவரவு அதிகாரியிடம் நீங்களே ஒப்புக்கொண்டாலும், நாட்டுக்குள் நுழையத் தகுதி இழக்க நேரிடும். குடியுரிமை உள்ள சக மாணவனுக்கு அபராதத்தோடு போகிற விஷயம், நமக்குப் பெட்டி கட்டுகிற விஷயமாகிவிடும். கூடப் படிக்கிறவன் எல்லோரும் போடுகிறானே என்று நினைக்காதீர்கள். அவனும் நாமும் ஒரே தராசில் இல்லை.

ஊரிலிருந்து பார்சலில் வரவழைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். அனுப்புகிற அப்பாவையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள். உங்களுக்கு முறையாக எழுதித் தந்ததாக இருந்தாலும், எல்லை தாண்டும்போது அந்த நாட்டு விதி என்ன என்று முன்கூட்டியே தூதரகத் தளத்தில் பாருங்கள். ஜப்பானுக்குள் அட்டெராலை மருத்துவர் சீட்டு இருந்தாலும் கொண்டுபோக முடியாது. இணையத்தில் விற்கிறவை இன்னும் மோசம். அட்டெரால் மாதிரியே அச்சடித்த போலி மாத்திரைகளில் மெத்தாம்ஃபெட்டமைன் என்ற கடும் போதைப்பொருளும், ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான வலிநிவாரணியும் இருப்பதாக அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறை எச்சரித்திருக்கிறது. ஃபென்டனில் கலந்த ஒரே மாத்திரையில் உயிர் போகலாம்.

மோடாஃபினில் பற்றியும் ஒரு வார்த்தை. தூங்காமல் படிக்க நல்லது, பயமில்லை என்று பலர் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள். அது அடக்கமுடியாத தூக்கம் வருகிற நோய்க்கும் இரவுப் பணித் தூக்கக் கோளாறுக்கும் தருகிற மருந்து. அமெரிக்காவில் அதுவும் கட்டுப்பாட்டுப் பட்டியலில்தான். பெண்கள் கவனிக்க வேண்டியது: கருத்தடை மாத்திரையின் வேலையை அது பலவீனப்படுத்தும். இதை யாரும் கையில் கொடுக்கும்போது சொல்வதில்லை.

அப்படியானால் கவனம் இல்லாமல் தவிப்பவர் என்ன செய்வது? நான் செய்ததைச் சொல்கிறேன். நான்கு மாதம் கழித்து மருத்துவர் முன்னால் உட்கார்ந்தபோது, அடுத்தவர் மாத்திரை போட்டேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று கேட்டார். ஊரில் விடிகிற நேரத்துக்கு விழித்திருந்து வீட்டாரோடு பேசிவிட்டு, நான்கு மணிக்குப் படுத்துக்கொண்டிருந்தேன். கடைசியாக எப்போது எதையாவது ரசித்தாய் என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. இரத்தப் பரிசோதனையில் தைராய்டும் இரும்புச்சத்தும் சரியாக இருந்தன. எனக்கு இருந்தது மனச்சோர்வு. அதற்கு ஊக்க மாத்திரை போட்டது, காலில் முள் இருக்க வேகமாக ஓடச் சொன்னது போல. மனநல ஆலோசகரோடு பேசுகிற சிகிச்சையும் தினமும் ஒரே நேரத்தில் எழுகிற பழக்கமுமாக மூன்று மாதத்தில் மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. கவனம் சிதறுவதற்குத் தூக்கக்குறைவு, குறட்டையோடு மூச்சு நின்றுபோகும் கோளாறு, தைராய்டு, இரத்தசோகை, பதற்றம் என்று பல காரணங்கள் உண்டு. எது என்று தெரியாமல் ஊக்க மாத்திரை போட்டால் காரணம் மறைந்துகொள்ளும், அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஏடிஹெச்டியேதான் என்று தெரிந்தால் தயங்காமல் மருந்தை எடுங்கள். குடும்பத்தில் இளவயதில் மாரடைப்போ திடீர் மரணமோ இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். இந்த மருந்துகள் இரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் ஏற்றக்கூடியவை. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும். அதை மருத்துவரிடம் சொல்லி அளவையோ நேரத்தையோ மாற்றிக்கொள்ளலாம், நீங்களாக மாற்றாதீர்கள். மாத்திரையைப் பூட்டி வையுங்கள். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்கள் கெஞ்சினாலும் சொல்லுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. பரிசோதனையின்போது 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று கேட்பார்கள். பள்ளி முன்னேற்ற அறிக்கைகளை வீட்டில் யாரிடமாவது சொல்லிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவருக்கு 34 வயதில்தான் ஏடிஹெச்டி என்று தெரிந்தது. அதற்காக அவர் அம்மா பரணிலிருந்து பழைய அட்டைகளை எடுத்து போனிலேயே ஒவ்வொன்றாக வாசித்தாராம். மூன்றாம் வகுப்பு: கெட்டிக்காரி, ஆனால் கவனம் இல்லை. நான்காம் வகுப்பு: கவனம் இல்லை, பொருள்களைத் தொலைக்கிறாள். ஐந்தாம் வகுப்பு: திறமை இருக்கிறது, முயற்சி இல்லை. ஆறாம் வகுப்பு அட்டையை எடுத்தவர் வாசிக்காமல் சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "இதுக்குப் போய் உன்னை அடிச்சேனே கண்ணு" என்றாராம்.