சனிக்கிழமைச் சம்பளத்தில் குடும்பக் கணக்கு

திருப்பூர் பனியன் கம்பெனியோ, சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறியோ, பெரும்பாலும் சனிக்கிழமைதான் சம்பளம். ஆனால் வாடகை மாதக் கணக்கு, கரண்ட் பில் இரண்டு மாதக் கணக்கு, பள்ளிக்கூடக் கட்டணம் வருஷக் கணக்கு. வாரக்காசு வாரத்துக்குள் கரைந்துவிடுகிறது. பெரிய பில் வருகிற நாளில் வாரவட்டிக்காரரைத் தேட வேண்டியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஆர்டர் குறைந்தபோது பலரைக் கடனில் தள்ளியது இந்த இடைவெளிதான். காய்கறியில் பத்து ரூபாய் மிச்சம் பிடிப்பதற்கு முன்னால் இதை அடைக்க வேண்டும்.

முதல் வேலை, எல்லாச் செலவையும் வாரத்துக்கு மாற்றுவது. வாடகை 5,000 என்றால் நான்கால் வகுத்து 1,250. கரண்ட் 1,200 வருமானால் எட்டால் வகுத்து 150. சிலிண்டர் 900 ரூபாய், ஆறு வாரம் வரும் என்றால் 150. பள்ளிக் கட்டணம் வருஷத்துக்கு 18,000 என்றால் 48ஆல் வகுத்து 375. ஆக 1,925 ரூபாய். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் இதை எடுத்து வைத்துவிட்டு, மீதியில்தான் சந்தைக்குப் போக வேண்டும்.

52ஆல் வகுக்காமல் 48ஆல் வகுப்பதற்குக் காரணம் உண்டு. வருஷத்தில் நான்கு மாதங்களிலாவது ஐந்து சனிக்கிழமை வரும். நான்கு சனிக்கிழமையிலேயே வாடகையும் மற்றதும் முடிந்துவிடுவதால், ஐந்தாவது வாரச் சம்பளத்தில் சோற்றுச் செலவு போக மீதி அப்படியே நிற்கும். வேலை இல்லாத வாரத்துக்கு அதுதான் கைகொடுக்கும். காலண்டரில் அந்த ஐந்தாவது சனிக்கிழமைகளை இன்றைக்கே வட்டமிட்டு வையுங்கள்.

இந்தக் கணக்கு கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, ஒன்றரை ஷிப்ட் ஓடும்போது வருகிற காசை வழக்கமான வருமானமாக நினைத்து வண்டிக்கும் போனுக்கும் தவணை போட்டுவிடுவது. ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது அந்த அரை ஷிப்ட்தான். ஒரு ஷிப்ட் சம்பளத்தில் கட்ட முடியாத தவணையை எடுக்கவே கூடாது. இரண்டாவது, எடுத்து வைத்த பணமும் செலவுப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கிடப்பது. போனை நீட்டி டீக்கும் வடைக்கும் கொடுக்கும்போது வாடகைக் காசுதான் போகிறது என்று யாருக்கும் தெரியாது. வாடகை, பில் பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்து, அதைப் போனில் இணைக்காமல் விடுங்கள். போசிக்குள், அதாவது பாத்திரத்துக்குள், கவர் போட்டு வைத்தாலும் சரிதான்.

அடுத்து கரண்ட். லைன் வீட்டில், அதாவது வரிசையாகக் கட்டிய வாடகை வீட்டில், குடியிருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். 2024 ஜூலைக் கட்டணப்படி வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய். உங்கள் பங்கில் 150 யூனிட் ஓடுகிறது என்று வையுங்கள். தனி இணைப்பு இருந்தால் பில் 117 ரூபாய் 50 காசு. இணைப்பு ஒன்றே ஒன்று, வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார் என்றால் அதே 150 யூனிட்டுக்கு 1,200. மாதத்துக்கு 541 ரூபாய் வித்தியாசம். தனி இணைப்புள்ள வீட்டுக்கு 400 ரூபாய் வாடகை கூடுதல் என்றாலும் அது மலிவு. வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா என்று கேட்பதோடு இதையும் கேட்டுவிடுங்கள்.

சொந்த வீடு, பெரிய குடும்பம் என்றால் 500 யூனிட் ஒரு பள்ளம். மொத்தம் 500க்குள் இருந்தால், இலவச 100 போக 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. சரியாக 500 ஓடினால் 1,805 ரூபாய். ஒரு யூனிட் தாண்டி 501 ஆனால், அந்த 2.35 சலுகை போய் 101லிருந்தே 4.70 ஆகிவிடும்; மேலே ஏறிய யூனிட்டுக்கு 8.40. பில் 2,048. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய். அதனால் சனிக்கிழமைதோறும் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். வாரத்துக்கு 58 யூனிட்டுக்குள் இருந்தால் அறுபது நாளில் 500ஐத் தாண்டாது. ஆறாவது வாரத்தில் 380 ஆகியிருந்தால், மிச்ச வாரங்களில் எதை நிறுத்துவது என்று யோசிக்க நேரம் கிடைக்கும்.

நிறுத்த வேண்டியது எது? லைட்டை அணைப்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. வெந்நீர்தான். 15 லிட்டர் வாளித் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.35 யூனிட் ஆகும். நான்கு பேர் தினமும் குளித்தால் இரண்டு மாதத்தில் 84 யூனிட். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தேங்காய் மட்டை கிடைக்கிற வீடுகளில் விறகடுப்பு வெந்நீரை விட்டுவிட்டு ஹீட்டர் வாங்கியது வீண் செலவுதான். அடுத்தது பழைய ஃபேன். 75 வாட் ஃபேன் 16 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 1.2 யூனிட், கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் என்றால் அரை யூனிட்கூட இல்லை. ஆனால் 200 யூனிட்டுக்குள் இருக்கிற வீட்டில் புது ஃபேனுக்குப் போட்ட காசு சீக்கிரம் திரும்பாது. பழையது கெட்டுப்போகும்போது மாற்றினால் போதும்.

அடுப்படியில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. கொங்குச் சமையலே சிக்கனச் சமையல்தான். ஓட்டல் பழக்கத்தில் அதை மறந்துவிட்டோம். ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த மூன்றையும் மாதம் தவறாமல் வாங்குங்கள். ரேஷன் புழுங்கலரிசி வாடை அடிக்கிறது என்று மாட்டுக்குப் போடுகிறவர்கள், நான்கு தண்ணீர் கழுவி, ஐந்தாவது தண்ணீரைக் கைபொறுக்கும் சூட்டில் ஊற்றி அரை மணி ஊறவைத்துப் பார்க்கட்டும். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு இந்த அரிசி பொருத்தம். நான்கு பேருக்கு இரண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு. பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், வரமிளகாய், மஞ்சள் தாளித்து, ஏழு டம்ளர் தண்ணீர். கடை அரிசிக்கு ஆறு போதும். ரேஷன் அரிசி பருமன் என்பதால் ஒன்று கூட்ட வேண்டும், இல்லையென்றால் நடுவில் விறைத்துக்கொள்ளும். குழம்பு வேண்டாம், பொரியல் வேண்டாம், ஒரே குக்கர். கேஸ் மிச்சம்.

கொள்ளும் அப்படித்தான். கால் கிலோ கொள்ளை ராத்திரியே ஊறப்போட்டால் காலையில் ஐந்தாறு விசிலில் வெந்துவிடும். ஊறவைக்காமல் போட்டால் அதைப்போல இரண்டு மடங்கு கேஸ் தின்னும். வடித்த தண்ணீர் ரசத்துக்கு, பருப்பு கடைசலுக்கு. ஒரு தரம் வேகவைத்ததில் இரண்டு வேளை. செலவு சாமானை, அதாங்க மிளகு சீரகம் மல்லியை, ஐந்து ரூபாய் பாக்கெட்டில் வாங்காதீர்கள். பாக்கெட்டில் இருக்கிற கிராமைப் பார்த்துக் கிலோவுக்குப் பெருக்கினால் ஏன் என்று தெரியும்.

காய்க்கு உழவர் சந்தை. சில்லறைக் கடை விலையைவிடக் குறைவாக விலை குறித்து வாசலில் பலகையில் எழுதுவார்கள். கடைசி நேரத்தில் போனால் விலை இன்னும் இறங்கும். முருங்கை, பூசணி, கிழங்குக்கு அது சரி. கீரைக்கும் தக்காளிக்கும் காலையிலேயே போய்விட வேண்டும். வாடியதை வாங்கிப் பாதியைக் கொட்டினால் என்ன லாபம்? சின்ன வெங்காயம் விலை விழும்போது பத்துக் கிலோ வாங்கி, தாளோடு கொத்தாகக் கட்டிக் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். ஈரம் இருக்கிற ஒன்று கொத்து முழுவதையும் அழுக வைக்கும், எனவே முதலில் நிழலில் உலர்த்த வேண்டும். செக்கெண்ணெய் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ அளவுக்குப் பருப்பு போகிறது. அதன் விலையோடு ஆட்டுக்கூலியைக் கூட்டி, புண்ணாக்கு விலையைக் கழித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். அது உடம்புக்கான செலவு, மிச்சம் பிடிக்கிற வழி அல்ல.

துணிக்குத் திருப்பூர் காதர்பேட்டை செகண்ட்ஸ், அதாவது சிறு குறையால் கம்பெனி கழித்த துணி. பிரிண்ட் தள்ளியிருப்பது, நிறம் லேசாக மாறியிருப்பது, லேபிள் தப்பாக இருப்பது எல்லாம் பரவாயில்லை. ஊசி விட்டுப்போன கோடும் சின்ன ஓட்டையும் இருந்தால் தொடாதீர்கள். இரண்டு துவைப்பில் பிரிந்துவிடும். சட்டையை மடித்துப் பிடித்தால் பக்கத்துத் தையல் நேராக விழ வேண்டும். முன்பக்கமாக முறுக்கிக்கொண்டு போனால் துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கும்.

கடன் இருந்தால் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு ரூபாயும் முதலில் வாரவட்டிக்குத்தான் போக வேண்டும். பத்தாயிரம் என்று சொல்லி ஆயிரம் பிடித்துக்கொண்டு 9,000 கொடுப்பார்கள். வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் கட்ட வேண்டும். ஆயிரம்தானே வட்டி, பத்து சதவீதம் என்று தோன்றும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், உண்மையில் வாரத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம்தான் குறைவு. வருஷத்துக்கு நூறு சதவீதத்துக்கு மேல். கம்மல் இருந்தால் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடகு வைத்து இதை முடித்துவிடுவதே மேல். அங்கே வருஷ வட்டி இதில் சிறு பங்குதான். ஒரு வாரவட்டியை அடைக்க இன்னொரு வாரவட்டி வாங்குவதுதான் மீள முடியாத குழி.

கடன் முடிந்த பிறகு, கட்டிக்கொண்டிருந்த அதே தொகையை நிறுத்தாமல் தபால் நிலைய ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் சேமிப்பில், போடுங்கள். மாதம் நூறு ரூபாயிலிருந்து ஆரம்பிக்கலாம், ஐந்து வருஷம். சீட்டு போடுவதானால் பதிவு செய்த சீட்டுதானா என்று பாருங்கள். 1982ஆம் வருஷச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக்கும் பதிவாளரிடம் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்தில் பணம் போடாதீர்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் போட்ட பணம் என்ன ஆனது என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கடைசியாக மொய். ஆவணி, தை, வைகாசி முகூர்த்தத்தில் வரிசையாகப் பத்திரிகை வரும். நமக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்ற மொய் நோட்டை எடுத்து, திருப்பிச் செய்ய வேண்டியதை மட்டும் கூட்டிப் பார்த்து, அதையும் 48ஆல் வகுத்து வாரக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். கூட எழுத வேண்டும் என்று தோன்றுகிற ஒறம்பரைக்கு, அதாங்க சொந்தக்காரருக்கு, ஒரு நாள் முன்னதாகப் போய்ப் பந்தியில் நின்று வேலை செய்தால் போதும்.