மிராடோரில் போன் எதற்கு, எப்போது? மொரீஷியஸ் மான் வேட்டைக்கு ஒரு கையேடு

1639-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட ருசா மானைத்தான் மொரீஷியஸில் இன்றும் வேட்டையாடுகிறோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன். ஆட்களும் நாய்களும் ஒரு பக்கமிருந்து விரட்டிவர, துப்பாக்கிக்காரர் மிராடோர் என்னும் வேட்டைக் கோபுரத்தில் காத்திருப்பார். இவ்வகை வேட்டையில் போனுக்கும் மற்றக் கருவிகளுக்கும் வேலை இருப்பது விரட்டல் தொடங்கும் முன்பும், முடிந்த பின்பும்தான். இடைப்பட்ட நேரத்தில் அவை பையில் கிடக்கட்டும். தோட்டா ஏற்றிய துப்பாக்கி மடியில் இருக்கும்போது கையில் போன் இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

முதல் நாள் இரவே வீட்டு வைஃபையில் வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மேண்ட் என்ற செயலிகள் இரண்டும் இணையம் இல்லாமல் ஓடும். வண்டி நிறுத்தும் இடம், உங்கள் மிராடோர், பக்கத்து மிராடோர்கள், எஸ்டேட் கேட் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஆயத்தொலைவுகளை எழுதும்போது கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள். நம் தீவு தெற்கு அட்சரேகை 20 பாகையில் இருக்கிறது. -20.4, 57.4 என்பதை 20.4, 57.4 என்று அனுப்பினால், உதவிக்கு வருபவரின் போன் ஓமான் பாலைவனத்தைக் காட்டும்.

காட்டுக்குள் நுழைந்ததும் ஏர்பிளேன் மோடு போடுங்கள். பிளாக் ரிவர், சவான் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் சிக்னல் வந்து வந்து போகும். அதைத் தேடியே பேட்டரி காலியாகிவிடும். ஏர்பிளேன் மோடிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஏனென்றால் போன் செயற்கைக்கோளிடமிருந்து வாங்கத்தான் செய்கிறது, எதையும் அனுப்புவதில்லை. நெட்வொர்க் உதவி இல்லாததால் முதல் முறை இடத்தைப் பிடிக்க நேரமாகலாம். அதனால் வண்டியிலிருந்து இறங்கும் முன்பே, திறந்த வெளியில் ஒருமுறை பிடிக்க விடுங்கள். குழுவில் ஒருவர் மட்டும் சிக்னல் கிடைக்கும் மேட்டில் போனைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் போனில் அவசர மருத்துவ உதவிக்கான சாமு 114, போலீஸ் 999 இரண்டும் இருக்கட்டும். இணையம் போகாத இடத்திலும் சில நேரம் எஸ்எம்எஸ் போய்விடும். இடத்தை அதில் அனுப்புங்கள்.

சைலன்ட் போட்டால் போதாது, வைப்ரேஷனையும் அணைக்க வேண்டும். மிராடோரின் பலகைத் தரையில் வைத்த போன் அதிர்ந்தால் தரை முழுவதும் மத்தளமாகிவிடும், மான் காது திருப்பாமல் இருக்காது. மறந்துபோகும் இன்னொன்று கைக்கடிகாரம். மணிக்கட்டைத் தூக்கினால் திரை எரியும் ஸ்மார்ட்வாட்ச், நீங்கள் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோகும் அதே அசைவில் எரியும். மானுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். இந்தத் திரைகளின் வெளிச்சத்தில் நீலம்தான் அதிகம். தியேட்டர் மோடு போடுங்கள், அல்லது கழற்றிப் பையில் வையுங்கள்.

வாக்கி டாக்கி வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் அலைவரிசையைப் பாருங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல அமெரிக்க அலைவரிசையில் ஓடுபவை. நாய்க் கழுத்தில் கட்டும் ஜிபிஎஸ் பட்டைக்கும் இதே சிக்கல்: அமெரிக்க மாடலும் ஐரோப்பிய மாடலும் வெவ்வேறு. நம் ஊரில் தொலைத்தொடர்பு ஆணையமான ஐசிடிஏ-வின் அனுமதி உள்ளதா என்று கேட்டபின் பணம் கொடுங்கள். காதில் இயர்பீஸ் மாட்டுவதானால் ஒரு காதில் மட்டும். ‘விரட்டல் முடிந்தது’ என்பதை ரேடியோவை மட்டும் நம்பி அறிவிக்காதீர்கள், கொம்பு ஊதுவதும் இருக்கட்டும். பேட்டரி தீர்ந்தவர் ஒருவர் எப்போதும் இருப்பார்.

தூரம் அளக்கும் லேசர் கருவிக்கு இங்கே பெரிய வேலை இல்லை. மிராடோரில் ஏறியதும் மூன்று நான்கு மரங்களை அளந்து மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். புல்லுக்கு ஊடாக அளந்தால் முன்னால் நிற்கும் புல்லின் தூரத்தைக் காட்டும்.

அதிகம் பயன் தருவது மரத்தில் கட்டும் கேமராதான், சரியாகக் கட்டினால். மான் தடத்துக்குக் குறுக்காக அல்லாமல், சாய்வாகப் பார்க்கும்படி வையுங்கள். குறுக்காக வைத்தால் சென்சார் விழித்துப் படமெடுப்பதற்குள் மான் கடந்துவிடும், வால் மட்டும் கிடைக்கும். உயரம் 80 முதல் 100 செ.மீ. கேமரா தெற்கு நோக்கி இருக்கட்டும். வடக்கு அரைக்கோளத்துக் கையேடுகள் வடக்கே திருப்பச் சொல்லும். வேட்டை மாதங்களில் நமக்கு வெயில் வடக்கிலிருந்துதான் வருகிறது, அப்படித் திருப்பினால் படம் வெளுத்துப்போகும். லென்ஸுக்கு முன் ஒரு மீட்டருக்குள் இருக்கும் புல், கொடி எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். வெயிலில் சூடான இலை தென்கிழக்குக் காற்றில் ஆடினாலே சென்சார் ஏமாந்து, கார்டு முழுக்க வெற்றுப் புதராக நிரம்பும்.

பகலில் படம் நன்றாக வந்து, இரவில் மட்டும் கறுப்பாக வந்தால் குற்றம் பெரும்பாலும் பேட்டரி செல்லில்தான். 8 ஏஏ செல் போடும் கேமராவில் சாதாரண செல் 12 வோல்ட் தரும். ரீசார்ஜ் செல் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், மொத்தம் 9.6 தான். இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது மின்னோட்டம் அதிகம் தேவைப்பட்டு அதுவும் சரியும். லித்தியம் ஏஏ போடுங்கள், பழைய செல்லோடு கலக்காதீர்கள். விளக்கு 850 நானோமீட்டர் என்றால் மங்கலாகச் சிவப்பு தெரியும், 940 என்றால் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறையும். திருட்டுப் பயம் உள்ள இடத்தில் 940 நல்லது. மெமரி கார்டைக் கணினியில் அல்ல, அந்தக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். புரட்டாசி பிறந்து வீட்டில் இறைச்சி நிறுத்தும்போது கேமராவையும் இறக்கி, செல்களைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே விட்டால் மழைக்காலத்தில் கசிந்து இணைப்புகளை அரித்துவிடும்.

சுட்ட பிறகுதான் போன் தன் சம்பளத்துக்கு வேலை செய்யும். துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, கோபுரத்திலிருந்து இறங்கும் முன்பே மான் நின்ற இடத்தைப் படமெடுங்கள். கீழே இறங்கினால் எல்லாப் புதரும் ஒன்றுபோலத் தெரியும், பத்து மீட்டர் தள்ளித் தேடிக்கொண்டிருப்பீர்கள். முடிவுக் கொம்பு ஊதும்வரை இறங்காதீர்கள். பிறகு முதல் இரத்தத் துளியிடத்தில் ஒரு புள்ளி, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு புள்ளி. மரத்தடியில் ஜிபிஎஸ் பத்து மீட்டர்கூடத் தவறும், எனவே புள்ளியோடு ரிப்பனும் கட்டுங்கள். இருட்டிவிட்டால் போன் டார்ச்சை நம்பாமல் நெற்றி விளக்கைப் போடுங்கள்.

10,000 எம்ஏஎச் என்று எழுதிய பவர் பேங்க், மின்னழுத்த மாற்றத்தில் போவது போக, ஆறாயிரம் சொச்சம்தான் கொடுக்கும். மேட்டுப் பகுதித் தூறலில் நனைந்த போனை உடனே சார்ஜில் போடாதீர்கள், சார்ஜர் செருகும் ஓட்டை உலரட்டும். அரிசியில் புதைப்பதால் பயன் இல்லை, தூசிதான் உள்ளே போகும். மானோடு எடுத்த படத்தை வெளியே பகிர்ந்தால் கோப்பாக (டாக்குமெண்டாக) அனுப்பாதீர்கள். அதில் இடக்குறிப்பு ஒட்டியிருக்கும், திருட்டு வேட்டைக்காரருக்கு அது போதும்.