பையர் "ரீச் சர்டிஃபிகேட்" கேட்டால்

பெருந்துறையில் சாயப்பட்டறைகளுக்கான கெமிக்கல் தயாரிக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் பதினாறு வருடமாக ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்து வருகிறேன். ஐரோப்பாவிலிருந்து முதல் ஆர்டர் வந்தவர்கள் போன் செய்தால் கேட்பது இதுதான்: "அக்கா, ரீச் சர்டிஃபிகேட் எங்க வாங்கணும்?"

ரீச் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் ரசாயனச் சட்டம். அதற்கு சர்டிஃபிகேட் என்று ஒன்று கிடையாது. ஹெல்சின்கியில் இருக்கும் ஐரோப்பிய ரசாயன முகமை பதிவு எண் தரும். "இந்தச் சரக்கு நல்லது" என்று யாருக்கும் எழுதித் தராது. முன்பெல்லாம், ஏற்கெனவே சந்தையில் இருந்த ரசாயனம் கெடுதலா என்று அரசாங்கங்கள்தான் ஆராய வேண்டியிருந்தது. 2007 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த ரீச் சட்டம் அந்தச் சுமையைத் தயாரிப்பவர் மீதும் இறக்குமதி செய்பவர் மீதும் வைத்தது. தரவு இல்லையென்றால் சந்தையும் இல்லை. இதை நான் மனதார ஏற்கிறேன். டிரம்மில் என்ன இருக்கிறதென்று அதைக் கலக்கியவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

சட்டப்படி பொறுப்பு அங்கே இருக்கும் இறக்குமதியாளருடையது. ஆனால் அவருக்கு வேண்டிய விவரம் நம்மிடம்தான் இருக்கிறது. அதனால் முதலில் ஃபார்முலாவை எடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் நேரே சிஏஎஸ் எண்ணும் (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள உலகப் பொது அடையாள எண்) சதவீதமும் எழுதுங்கள். பதிவு கலவைக்கு இல்லை, அதற்குள் இருக்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும். ஒரு இறக்குமதியாளருக்கு வருடத்தில் ஒரு டன் தொட்டால் பதிவு வேண்டும். ஒரு சாஃப்ட்னரில் (துணியை மென்மையாக்கும் கெமிக்கல்) 20 சதவீதம் ஒரு பொருள் இருக்கிறது, 4 டன் அனுப்புகிறீர்கள் என்றால் அந்தப் பொருள் 800 கிலோ. தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். அதே பொருளை அவர் வேறொருவரிடமும் 300 கிலோ வாங்கினால் ஒரு டன் தாண்டிவிடும். கேட்டு எழுதி வாங்குங்கள்.

பையர் பதிவு செய்ய முன்வராவிட்டால், அல்லது ஃபார்முலாவை அவரிடம் காட்ட உங்களுக்கு விருப்பமில்லாவிட்டால், ஐரோப்பாவில் இருக்கும் ஒருவரை "ஒன்லி ரெப்ரசென்டேடிவ்" ஆக நீங்களே நியமிக்கலாம். இறக்குமதியாளரின் கடமையை அவர் ஏற்பார். அப்போது அவர் கணக்கில் வரும் எல்லா பையர்களின் அளவும் ஒன்றாகக் கூட்டப்படும். இரண்டு 800 கிலோ 1.6 டன் ஆகிவிடும். பிரிட்டனுக்கு 2021 முதல் தனிப் பதிவு.

இனி, நான் பட்ட அடி. திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றுக்கு வெட்டிங் ஏஜென்ட் (துணி சீராக நனைய உதவும் கெமிக்கல்) கொடுத்தோம். மூலப்பொருள் கொடுத்தவர் "என்பிஇ இல்லை" என்று ஒரு வரி எழுதித் தந்திருந்தார். என்பிஇ என்பது நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் என்ற ரசாயனம். அதை நம்பி எங்கள் லெட்டர்ஹெட்டில் நானும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தைத்து முடித்த பனியனை லேபில் சோதித்தபோது என்பிஇ இருந்தது. துவைக்கக்கூடிய துணியில் அது எடையில் 0.01 சதவீதத்தை எட்டினாலே 2021 பிப்ரவரி 3 முதல் ஐரோப்பாவில் விற்க முடியாது. சரக்கு கப்பலேறவில்லை, பட்டறைக்காரரின் நஷ்டத்தை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. அன்றிலிருந்து புது மூலப்பொருள் எது வந்தாலும் எங்கள் செலவில் சோதித்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. நீங்களும் போடாதீர்கள்.

சரக்கோடு போகும் பாதுகாப்புத் தகவல் தாளான எஸ்டிஎஸ்-இல் 16 பிரிவுகள் இருக்கும். வேறு கம்பெனியுடையதை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். மூன்றாம் பிரிவில் உங்கள் சரக்கின் உண்மையான கலவை இருக்க வேண்டும். எட்டாவதில் எந்தக் கையுறை என்று சொல்ல வேண்டும். வெறுமனே "தகுந்த கையுறை" என்றால் டிரம்மைத் திறக்கும் தொழிலாளிக்கு என்ன புரியும்? பையர் அதைத் தன் நாட்டு மொழியில் தருவார், ஆனால் நாம் விட்ட பிழையும் அதே மொழிக்குப் போகும்.

கலவை, சோதனை, கடிதம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் பேட்ச் எண்ணோடு வையுங்கள். ரீச் பதிவுதாரர்கள் கடைசி சப்ளைக்குப் பிறகும் பத்து வருடம் விவரங்களை வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில், நாங்கள் 2019-இல் நிறுத்திய ஒரு சாஃப்ட்னரின் ஃபைல் இன்னும் என் மேஜைக்குப் பின்னால் அலமாரியில் இருக்கிறது.